வன்முறையைப் பொது சுகாதாரப் பிரச்சினையாக ஆராய வருகிறவர்களுக்கு: படிப்பு முதல் வேலை வரை முழு வழிகாட்டி

இந்தத் துறைக்கு வரும் இளைஞர்களில் பெரும்பாலானோர் கையில் வினாத்தாளோடுதான் வருகிறார்கள். "குடும்ப வன்முறை பத்தி ஒரு நூறு பெண்கள்கிட்ட கேட்கலாம்னு இருக்கேன், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். ஆர்வம் நல்லதுதான். ஆனால் கேட்பது இந்த வேலையில் கடைசியாக வர வேண்டியது. வரிசையை மாற்றிச் செய்தால் தரவு கெடுவதோடு போகாது. பதில் சொன்ன பெண் அன்று இரவே அதற்காக அடி வாங்கலாம்.

கீழே உள்ள வரிசை, முதுகலை முடித்துவிட்டு பிஎச்.டி. பக்கம் போக நினைப்பவர்களை மனதில் வைத்தது. சட்டம், அனுமதி எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறைப்படி சொல்கிறேன். இலங்கையில் வேறுபடும் இடங்களில் அதையும் குறித்திருக்கிறேன்.

தொடங்கும் முன் தேவையானவை

மருத்துவப் பட்டம் கட்டாயமில்லை. சமூகப்பணி, செவிலியம், உளவியல், புள்ளியியல், சட்டம் படித்தவர்கள் இதில் நன்றாக வந்திருக்கிறார்கள். ஆனால் எண்களைக் கண்டு ஓடுபவராக இருக்கக் கூடாது. ஆர், ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டில் ஒன்றாவது தெரிய வேண்டும். எக்செலை வைத்து ஓட்டிவிடலாம் என்று நினைத்தால் மூன்றாம் படியிலேயே நின்றுவிடுவீர்கள்.

அடுத்தது பணம். முதுகலைக்கும் முதல் நிலையான வேலைக்கும் நடுவில் பல வருடம் புராஜெக்ட் சம்பளத்தில்தான் ஓடும். ஆறு மாத ஒப்பந்தம், பதினோரு மாத ஒப்பந்தம் என்று வரும். வீட்டில் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். நடுவழியில் விட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் இதனால்தான் போகிறார்கள், பாடம் கடினம் என்பதால் அல்ல.

1. எந்த வன்முறை என்று முதலில் சுருக்குங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் 2002 அறிக்கை வன்முறையை மூன்றாகப் பிரித்தது: தனக்குத்தானே செய்துகொள்வது, மனிதருக்கு மனிதர் செய்வது, கூட்டாகச் செய்வது. தற்கொலை முதல் வகை. கணவன் அடிப்பது, குழந்தையைத் துன்புறுத்துவது, தெருச்சண்டை இரண்டாவது. போர், கலவரம் மூன்றாவது. உங்கள் ஆய்வு இதில் எங்கே உட்காரும் என்று ஒரே வரியில் சொல்ல வர வேண்டும்.

சுருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு வகைக்கும் தரவு இருக்கும் இடம் வேறு, பொருந்தும் சட்டம் வேறு, களத்தில் உள்ள ஆபத்தும் வேறு. "பெண்களுக்கு எதிரான வன்முறை" என்பது ஆய்வுத் தலைப்பு ஆகாது. "பிரசவத்துக்கு வந்த பெண்களில் கர்ப்பகாலத்தில் கணவனிடம் அடி வாங்கியவர்கள் எத்தனை பேர், அவர்களுடைய குழந்தைகளின் பிறப்பு எடை எப்படி" என்பது தலைப்பு.

இன்னொரு சோதனையும் வையுங்கள்: உங்கள் கேள்விக்கு விடை கிடைத்தால் யாராவது எதையாவது மாற்ற முடியுமா? இலங்கை இதற்கு நல்ல உதாரணம். அதிக நச்சுள்ள பூச்சிமருந்துகளை 1980களில் தொடங்கிப் படிப்படியாகத் தடை செய்தார்கள். 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலை வீதம் அடுத்த இருபது ஆண்டுகளில் சுமார் 70 சதவீதம் குறைந்தது. ஊரில் எல்லோருடைய மனக்கவலையும் தீர்ந்ததால் அப்படி நடக்கவில்லை. கைக்கு எட்டிய பொருள் மாறியது, அவ்வளவுதான். ஒருவர் ஏன் அப்படிச் செய்தார் என்று அவருடைய மனத்தை மட்டும் தோண்டிக்கொண்டிருந்தால் இந்த விடை கிடைத்திருக்காது. பொது சுகாதாரக் கண் என்று சொல்வது இதைத்தான்.

2. எபிடெமியாலஜியை முறையாகப் படியுங்கள்

ஒரு மக்கள்கூட்டத்தில் நோய், காயம் யாருக்கு, எவ்வளவு, ஏன் வருகிறது என்று கணக்கிடும் படிப்புதான் எபிடெமியாலஜி. வன்முறை பற்றிய கோட்பாடுகளை நிறைய வாசித்துவிட்டு, ஒரு வீதம் எப்படிக் கணக்கிடுவது என்று தெரியாமல் வருபவர்கள் உண்டு. பகுதி எது, மொத்தம் எது என்பதில் தடுமாறினால் மேலே போக முடியாது.

படிக்க இடங்கள் இருக்கின்றன. சென்னை அயப்பாக்கத்தில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய எபிடெமியாலஜி நிறுவனம் இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் எம்.பி.எச். (பொது சுகாதார முதுகலை) படிக்கலாம், மருத்துவர் அல்லாதவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. வேலூர் சி.எம்.சி., திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் ஆகியவற்றையும் பாருங்கள். உடனே சேர வழியில்லை என்றால், சென்னை நிறுவனம் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளம் வழியாக நடத்தும் சுகாதார ஆய்வு அடிப்படைப் பாடத்தை முடியுங்கள். பிஎச்.டி. நேர்காணலில் அதைப் பற்றிக் கேட்கவும் செய்வார்கள்.

யு.ஜி.சி. நெட் எழுதுவதாக இருந்தால் சமூக மருத்துவமும் சமூகச் சுகாதாரமும் என்று தனிப் பாடமே உண்டு. சமூகப்பணியில் எழுதுவதா இதில் எழுதுவதா என்பதை, எந்தத் துறையில் பிஎச்.டி. பதிவு செய்யப்போகிறீர்கள் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது இருந்தால் கைடு தேடுவதும் எளிது.

3. முதல் ஆய்வை ஏற்கெனவே உள்ள தரவில் செய்யுங்கள்

தேசியக் குடும்பநல ஆய்வின் தரவு, பல நாடுகளின் இத்தகைய தரவைப் பராமரிக்கும் டி.எச்.எஸ். திட்டத்தில் ஆய்வுத் தலைப்பும் சிறு விளக்கமும் கொடுத்துப் பதிவு செய்பவர்களுக்கு இலவசமாகக் கிடைத்துவந்தது. 2025இல் அந்தத் திட்டம் இடைநிறுத்தப்பட்டது, அதனால் இப்போது பதிவு திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐந்தாம் சுற்று 2019-21இல் நடந்தது. திருமணமான 18-49 வயதுப் பெண்களில் கணவனிடம் வன்முறையைச் சந்தித்தவர்கள் இந்திய அளவில் 29 சதவீதம், தமிழ்நாட்டில் 38 சதவீதம் என்றது அது. இலங்கையில் தொகைமதிப்புத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வு இருக்கிறது.

ஏன் முதலில் இது? யாரையும் ஆபத்தில் மாட்டிவிடாமல் கை பழகலாம். தவிர, நீங்கள் புதிதாகக் கேட்க நினைக்கும் கேள்விக்கு விடை ஏற்கெனவே அங்கே கிடக்கலாம். கிடந்தால், மறுபடி நூறு பெண்களை உட்காரவைத்து அதையே கேட்பது நியாயமில்லை.

இந்தத் தரவில் புதியவர்கள் விழும் குழிகள் மூன்று. மூன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

முதல் குழி, வெயிட். ஒவ்வொருவரின் பதிலுக்கும் மொத்தக் கணக்கில் எவ்வளவு எடை தருவது என்று சொல்லும் எண் அது. வழக்கமான பெண்கள் வெயிட் வி005. வன்முறைக் கேள்விகளுக்குத் தனி வெயிட் இருக்கிறது, அது டி005. காரணம், ஒரு வீட்டில் எத்தனை பெண்கள் இருந்தாலும் ஒருவரிடம் மட்டுமே இந்தக் கேள்விகளைக் கேட்டார்கள். வி005 போட்டு ஓட்டினாலும் ஏதோ ஒரு எண் வரும், பார்க்கச் சரிபோலவே இருக்கும். அதுதான் சிக்கல். எந்த வெயிட்டாக இருந்தாலும் பத்து லட்சத்தால் வகுக்கவும் மறக்காதீர்கள்.

இரண்டாவது, மாவட்டக் கணக்கு. "தர்மபுரியையும் கன்னியாகுமரியையும் ஒப்பிடப் போறேன்" என்று வருவார்கள். வன்முறைக் கேள்விகள் ஒரு சிறு பங்கு வீடுகளில் மட்டுமே கேட்கப்பட்டவை, மாநில அளவுக்குத்தான் தாங்கும். மாவட்டமாகப் பிரித்தால் அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் பத்துப் பேர்கூட மிஞ்ச மாட்டார்கள். ஆய்வேட்டின் பாதியை இப்படி எழுதிவிட்டு அப்புறம் தூக்கிப் போடுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

மூன்றாவது, வி044. ஒரு பெண் தேர்வானாரா, தனிமை கிடைத்ததா, கேட்டார்களா என்று சொல்லும் மாறி இது. தனிமை கிடைக்காததால் கேட்காமல் விட்டவர்களை "வன்முறை இல்லை" என்ற கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

4. ஒவ்வோர் எண்ணும் எங்கே பிறந்தது என்று பாருங்கள்

காவல்துறைக் கணக்கு வேறு, ஆஸ்பத்திரிக் கணக்கு வேறு, வீட்டு ஆய்வுக் கணக்கு வேறு. மூன்றும் ஒரே விஷயத்தை எண்ணுவதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எண்ணுவது பதிவான வழக்குகளை. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் கடுமையானது மட்டும் கணக்கில் ஏறும். அதனால் ஓரிடத்தில் வழக்கு கூடினால் அடி கூடியது என்று அர்த்தமில்லை, புகார் கொடுக்கத் துணிந்தவர்கள் கூடியிருக்கலாம். வன்முறையைச் சந்தித்தவர்களில் எங்காவது உதவி தேடியவர்கள் 14 சதவீதம் என்று குடும்பநல ஆய்வே சொல்கிறது. அந்த உதவியும் பெரும்பாலும் அம்மா வீடுதான், போலீஸ் ஸ்டேஷன் அல்ல. கணவன், அவன் வீட்டார் கொடுமை பற்றிய 498ஏ பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவு. பல வருட அட்டவணையை ஒட்டும்போது இதைக் கவனியுங்கள்.

தற்கொலைக் கணக்கிலும் இதே கதைதான். 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர், தமிழ்நாட்டில் 19,834 பேர் என்று காப்பகம் பதிவு செய்தது. காரணம் என்ற கட்டத்தில் முதலிடம் "குடும்பப் பிரச்சினை". அந்தக் கட்டத்தை நிரப்பியது விசாரித்த காவலர். அடி தாங்காமல் இறந்த மனைவியும் சொத்துத் தகராறில் இறந்த மாமனாரும் அதே கட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள். அந்தக் காரணத்தை அப்படியே எடுத்து ரிக்ரெஷனில் போடுகிறவர்களைத் தடுக்க வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தால், நம்மூர்க் கேஷுவாலிட்டியில் இருக்கும் ஏ.ஆர். புத்தகம் ஒரு புதையல். விபத்துப் பதிவேடு என்பார்கள். "தெரிந்த நபரால், வீட்டில் வைத்து, கட்டையால், நேற்று இரவு 10 மணியளவில் தாக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது" என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். யார், எங்கே, எதனால், எப்போது, நான்கும் அந்த ஒரு வரியில் வந்துவிடும். "தெரிந்த நபர்" யார் என்பது மட்டும் எழுதப்படாது. கீழேயே "குளியலறையில் வழுக்கி விழுந்தார்" என்று இன்னொரு வரி இருக்கும், காயம் இரண்டு கண்ணிலும். வழுக்கி விழுந்தவருக்கு அப்படி அடிபடுமா என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

பிரிட்டனில் கார்டிஃப் நகரில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற முக அறுவைச் சிகிச்சை மருத்துவர் இப்படிப்பட்ட வரிகளை வைத்துத்தான் தொடங்கினார். அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் பெரும் பங்கினர் போலீஸ் கணக்கில் இல்லை என்று கண்டார். பெயரை நீக்கிவிட்டு இடம், நேரம், ஆயுதம் மட்டும் காவல்துறையோடும் நகர நிர்வாகத்தோடும் பகிர ஏற்பாடு செய்தார். தாக்குதல் காயங்கள் குறைந்தன. இன்று அது பல நாடுகளில் முன்மாதிரி.

நம் நாட்டுக் கணக்கில் ஓட்டை எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டுமா? 2001இல் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் சுமார் 1,63,000 பேர் என்று 2009இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. போலீஸ் கணக்கைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு. இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர். ஸ்டவ் வெடித்தது என்ற வரிகளை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

நோய்களையும் இறப்புக் காரணங்களையும் வகைப்படுத்தும் ஐ.சி.டி.-10 குறியீடு வைத்து வேலை செய்தால் தாக்குதல் எக்ஸ்85 முதல் ஒய்09 வரை, சுயகாயம் எக்ஸ்60 முதல் எக்ஸ்84 வரை, நோக்கம் தெரியாதவை ஒய்10 முதல் ஒய்34 வரை. மூன்றாவதை ஒதுக்கிவிடாதீர்கள். முதல் இரண்டில் சேர்ந்திருக்க வேண்டியவை பல அங்கேதான் ஒளிந்திருக்கும்.

5. கைடு, நிறுவனம், அனுமதி

வன்முறை என்று பெயர் போட்ட துறை நம் பல்கலைக்கழகங்களில் கிடையாது. சமூக மருத்துவத்தில் போனால் "நீங்கள் டாக்டர் இல்லையே" என்பார்கள், சமூகவியலில் போனால் "இது என்ன வெறும் எண்ணாக இருக்கிறது" என்பார்கள். தலைப்பு ஒத்துப்போகும் கைடைத் தேடுவதைவிட, முறை தெரிந்த கைடைத் தேடுங்கள். தலைப்பை நீங்களே வாசித்துப் பிடித்துவிடலாம், சாம்பிளிங்கை அப்படிப் பிடிக்க முடியாது. வன்முறை தெரிந்த ஒருவரைக் குழுவில் இரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைடிடம் சேரும் முன் அவருடைய பழைய மாணவர்களிடம் பேசுங்கள். எத்தனை பேர் முடித்தார்கள், கட்டுரையில் பெயர் எந்த வரிசையில் வந்தது, ஃபீல்டில் பிரச்சினை வந்தபோது போனை எடுத்தாரா. மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அனுமதிக்கு யாரிடம் போவது என்பதிலும் குழப்பம் வரும். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் டீன். மாவட்டத் தலைமை மருத்துவமனை என்றால் இணை இயக்குநர் வழியாக மருத்துவ, ஊரக நலப்பணிகள் இயக்ககம். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் பொது சுகாதார இயக்ககம். நேரே பி.எச்.சி. டாக்டரிடம் போய் நின்றால் அவர் பாவம், உங்களைத் திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு என்ன செய்வார்? ஏ.ஆர். புத்தகம் கோர்ட்டுக்குப் போகும் ஆவணம் என்பதால் பெயர், முகவரி இல்லாமல் குறிப்பெடுப்பேன் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

6. கேள்விக்கு முன் உதவி வழியைக் கட்டுங்கள்

ஒரு பெண் உங்களிடம் சொல்லிவிட்டார். அப்புறம்? இதற்குப் பதில் இல்லாமல் களத்துக்குப் போகக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2001இல் இந்த வகை ஆய்வுகளுக்கென்றே தந்த நெறிமுறைகள் இதை நிபந்தனையாகவே வைக்கின்றன.

காகிதத்தில் எண்களை அச்சடித்தால் போதாது. மகளிர் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மனநலத்துக்கு டெலிமானஸ் 14416. ஒவ்வொன்றையும் நீங்களே ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருப்பார், அவரை நேரில் சந்தியுங்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒன் ஸ்டாப் சென்டர் ஆஸ்பத்திரி வளாகத்தில் எந்தக் கட்டிடத்தில் இருக்கிறது, ஞாயிறு திறந்திருக்குமா, இரவு தங்க இடம் உண்டா என்று பார்த்துவிட்டு வாருங்கள். இலங்கையில் என்றால் அரச ஆஸ்பத்திரிகளில் உள்ள நட்பு நிலையங்கள், 1938 என்ற எண்.

மும்பையில் பாபா மருத்துவமனையில் 2000இல் செஹாத் அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து தொடங்கிய தில்லாசா மையத்தைப் பற்றி வாசியுங்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஆற்றுப்படுத்துநரை உட்காரவைத்தால் என்னவெல்லாம் முடியும் என்று தெரியும்.

உதவி எண்கள் உள்ள துண்டுச்சீட்டு ரவிக்கைக்குள் மறைக்கும் அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். அதில் வன்முறை எண்கள் மட்டும் இருக்கக் கூடாது. தடுப்பூசி, 108 ஆம்புலன்ஸ், ரேஷன் புகார் என்று கலந்து போடுங்கள். கணவன் கையில் சிக்கினாலும் சாதாரணச் சீட்டாகவே தெரியும். வேண்டாம் என்று சொல்பவரிடம் திணிக்காதீர்கள்.

7. எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகும் வழி

ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளை முழுக்கப் படித்துவிட்டுத்தான் விண்ணப்பம் எழுத வேண்டும். கமிட்டியில் வன்முறை ஆய்வு பார்த்தவர்கள் குறைவாக இருக்கலாம். அவர்கள் கேட்கும் முன்பே ஆபத்துகளை நீங்களே வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வீர்கள் என்றும் எழுதிவிட்டால் வேலை சீக்கிரம் நடக்கும்.

மூன்று இடங்களில் விண்ணப்பம் திரும்பி வரும். ஒன்று, சம்மதப் படிவம். கையெழுத்துப் போட்ட ஒரு பிரதியை வீட்டில் விட்டுவர வேண்டும் என்பது வழக்கம். இங்கே அந்தக் காகிதமே ஆபத்து. பிரதி வேண்டுமா என்று கேட்டுத் தருவது, வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவு செய்வது போன்ற மாற்று வழிகளைக் காரணத்தோடு கேளுங்கள்.

இரண்டு, 18 வயதுக்கு உட்பட்டவர்கள். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குழந்தைக்குப் பாலியல் வன்முறை நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் தெரிவித்தாக வேண்டும். ஆய்வாளருக்கு விலக்கு இல்லை. "நீ சொல்வது ரகசியமாக இருக்கும்" என்று குழந்தையிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு போலீசுக்குச் சொன்னால் அது துரோகம், சொல்லாவிட்டால் குற்றம். எந்த எல்லை வரை ரகசியம் என்று படிவத்தில் முதலிலேயே, குழந்தைக்குப் புரியும் தமிழில் எழுத வேண்டும். பெற்றோர் சம்மதம் வேண்டும் என்ற விதியும் இருக்கிறது, அடிப்பவரே அப்பாவாக இருந்தால் என்ன செய்வது என்பதையும் யோசித்து எழுதுங்கள். முதல் ஆய்வுக்கு இந்த வயதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

மூன்று, வெளிநாட்டுப் பங்கு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்தாலோ, வெளிநாட்டு நிதி வந்தாலோ, சுகாதார அமைச்சகத் தேர்வுக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், கால அட்டவணையில் இடம் விடுங்கள்.

தற்கொலைக்கு முயன்றவர்களை ஆராய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு அவர்களைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர்களாகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. ஆனாலும் வார்டில் பலர் வழக்குக்குப் பயந்து "தெரியாமல் குடித்துவிட்டேன்" என்பார்கள். முதல் நாள் சொன்ன காரணத்தை முடிவான காரணமாக எடுக்காதீர்கள்.

8. கேள்விகளை அமைப்பது

"உங்களைக் கணவர் கொடுமைப்படுத்துகிறாரா?" என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். அதே பெண்ணிடம் "கன்னத்தில் அறைந்திருக்கிறாரா? கையை முறுக்கி, முடியைப் பிடித்து இழுத்திருக்கிறாரா? பிடித்துத் தள்ளியிருக்கிறாரா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், "அது எப்பவாவது குடிச்சுட்டு வந்தா ரெண்டு அடி போடுவாரு, மத்தபடி தங்கமான மனுஷன்" என்பார். செயலைக் கேட்க வேண்டும், பெயரைக் கேட்கக் கூடாது. குடும்பநல ஆய்வும் உலக சுகாதார நிறுவனத்தின் வினாத்தாளும் இப்படித்தான் அமைந்திருக்கின்றன.

சொந்தமாகக் கேள்வி எழுத ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். சோதித்துப் பார்த்த வினாத்தாளை அப்படியே எடுத்தால்தான் மற்ற ஆய்வுகளோடு உங்கள் எண்ணை ஒப்பிட முடியும். கூடுதலாக வேண்டியதைக் கடைசியில் சேருங்கள். வட்டார வழக்கைச் சரிபார்க்க மட்டும் நேரம் செலவிடுங்கள். "கை நீட்டுவாரா" என்றால் எல்லா ஊரிலும் புரியும், பாலியல் வற்புறுத்தலைக் கேட்கும் வரிகள்தான் ஊருக்கு ஊர் மாறும். அவற்றை அந்தப் பகுதிக் கிராமச் சுகாதாரச் செவிலியரோடு உட்கார்ந்து திருத்துங்கள்.

வரிசையும் முக்கியம். உடல்நலம், பிரசவம், குழந்தைகள் என்று தொடங்கி, பேச்சு ஓடிய பிறகே இந்தப் பகுதிக்கு வர வேண்டும். முடிக்கும்போது அவருடைய பலத்தைச் சொல்லும் ஒரு கேள்வியோடு முடியுங்கள். அடி வாங்கிய நினைவோடு அவரை அடுப்படிக்கு அனுப்பாதீர்கள்.

9. களத்தில்

ஊருக்குச் சொல்லும் பெயரில் வன்முறை என்ற சொல்லே வரக் கூடாது. "பெண்கள் உடல்நலமும் வாழ்க்கையும்" என்று வையுங்கள். பஞ்சாயத்துத் தலைவருக்கும் அதே பெயர்தான். பேசப்போகும் பெண்ணுக்கு மட்டும், தனிமையில், என்ன கேட்கப்போகிறோம் என்று முழுமையாகச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் ஒரு பெண், அவ்வளவே. மருமகளிடமும் நாத்தனாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டால் மாலைக்குள் வீடு முழுக்கத் தெரிந்துவிடும்.

தனிமை தானாகக் கிடைக்காது. திண்ணையில் உட்கார்ந்தால் மாமியார் பூண்டு உரிக்க முறத்தோடு பக்கத்தில் வந்துவிடுவார். அதனால் இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பிரஷர் பார்க்கும் கருவியோடு மாமியாரை வாசல் பக்கம் கூட்டிப்போய், நிதானமாகப் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொல்லிப் பேச்சுக் கொடுக்கட்டும். மற்றவர் உள்ளே கேட்கட்டும். யாராவது திடீரென்று வந்தால் தாவிப் போக ஒரு பக்கம் தயாராக இருக்க வேண்டும்: இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டீர்களா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா. இப்படி மாறுவோம் என்று அந்தப் பெண்ணிடமும் முன்பே சொல்லிவையுங்கள். தனிமை கிடைக்கவில்லையா, அந்தப் பகுதியை விட்டுவிட்டு எழுந்து வாருங்கள். ஒரு பதில் குறைந்தால் ஆய்வு செத்துவிடாது.

கேட்பவர்களைத் தேர்ந்தெடுப்பதில் அனுபவத்தைவிடப் பயிற்சி முக்கியம். செர்பியாவில் உலக சுகாதார நிறுவன ஆய்வு நடந்தபோது, புதிதாக வந்து நீண்ட பயிற்சி பெற்றவர்களிடம் பெண்கள் அதிகம் மனம் திறந்தார்கள். ஒரு நாள் பயிற்சியோடு வந்த அனுபவசாலிகளிடம் அந்த அளவுக்குச் சொல்லவில்லை. ஆகவே பயிற்சிக்கான செலவை வெட்டாதீர்கள். அதே ஊர்க்காரரை வேலைக்கு வைப்பதும் வேண்டாம்.

டேப்லெட்டில் கோபோ போன்ற செயலியில் பதிவதாக இருந்தால், பெயரையும் முகவரியையும் தனிக் கோப்பில் வையுங்கள், பதில்களோடு அடையாள எண் மட்டும் போகட்டும். தினமும் மாலையில் அனுப்பிவிட்டுக் கருவியில் இருப்பதை அழியுங்கள்.

10. குழுவைக் காப்பது

கேட்கும் பெண்களிலேயே சிலர் வீட்டில் அடி வாங்குகிறவர்களாக இருப்பார்கள். பயிற்சியின்போது அது வெளியே வரும். விலக விரும்பினால் சம்பளம் குறையாமல் டேட்டா என்ட்ரிக்கு மாற்ற வழி வைத்திருங்கள்.

ஒரு நாளைக்கு ஒருவருக்கு இரண்டு மூன்று நேர்காணலுக்கு மேல் வேண்டாம். வாரம் ஒரு முறை உட்கார்ந்து, எண்ணிக்கையைப் பற்றி அல்லாமல், கேட்டதைப் பற்றிப் பேசுங்கள். இதற்கான பணத்தைப் பட்ஜெட்டிலேயே ஒரு வரியாகப் போடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.

11. எழுதுவதும் வெளியே சொல்வதும்

ஒரே நேரத்தில் எடுத்த ஆய்வில் கணவனின் குடிக்கும் அடிக்கும் தொடர்பு கிடைக்கும். கிட்டத்தட்ட எப்போதும் கிடைக்கும். "குடியால் வன்முறை" என்று தலைப்புப் போடத் தோன்றும், போடாதீர்கள். குடிக்காமல் அடிப்பவர்களின் எண்ணிக்கையையும் அதே அட்டவணையில் காட்டுங்கள். வாய்வாவில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.

சிறு எண்கள் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஒரு கிராமத்தில் ஒரே ஒரு ஆசிரியை என்றால், "ஆசிரியை, 34 வயது, இரண்டு குழந்தைகள்" என்று மேற்கோளுக்குக் கீழே போடுவது பெயரைப் போடுவதற்குச் சமம். தற்கொலை பற்றி எழுதினால் என்ன பொருள், எவ்வளவு, எப்படி என்ற விவரங்களைப் பொதுமக்கள் படிக்கும் வடிவில் தராதீர்கள்.

முதல் கட்டுரைக்கு இண்டியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எத்திக்ஸ், இண்டியன் ஜர்னல் ஆஃப் பப்ளிக் ஹெல்த், இன்ஜுரி பிரிவென்ஷன் போன்றவற்றைப் பாருங்கள். "மூன்று நாளில் வெளியீடு" என்று மெயில் அனுப்பும் இதழ்கள் பக்கம் போகாதீர்கள். அந்த ஒரு வரி உங்கள் பயோடேட்டாவில் காலத்துக்கும் நிற்கும்.

பத்திரிகைகளுக்கு எண் மட்டும் கிடைத்தால் எண் மட்டும்தான் தலைப்பாகும். ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள், கடைசியில் உதவி எண்களோடு. அதே பக்கத்தை அனுமதி தந்த ஆஸ்பத்திரிக்கும் சமூகநல அலுவலகத்துக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த ஆய்வுக்கு அனுமதி கேட்கப் போகும்போது அது பேசும்.

12. நிதியும் வேலையும்

நிதிக்கு ஐ.சி.எம்.ஆர்., இந்தியா அலையன்ஸ் ஃபெல்லோஷிப், பாலியல் வன்முறை ஆய்வுக்கென்றே தென்னாப்பிரிக்காவிலிருந்து இயங்கும் எஸ்.வி.ஆர்.ஐ. ஆகியவற்றின் அழைப்புகளைக் கவனியுங்கள். தொண்டு நிறுவனம் வழியாக வெளிநாட்டுப் பணம் வாங்குவதாக இருந்தால் அவர்களிடம் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது "வன்முறை ஆய்வாளர்" என்று மட்டும் நிற்காதீர்கள். அப்படி ஒரு பதவி விளம்பரம் வருவது அபூர்வம். "சர்வே முறைகள் தெரிந்த எபிடெமியாலஜிஸ்ட், களம் வன்முறை" என்றால் தாய்சேய் நலம், மனநலம், விபத்துக் காயங்கள் என்று பல கதவுகள் திறக்கும். உள்ளே போன பிறகு உங்கள் கேள்வியைக் கொண்டுவரலாம்: தாய்சேய் ஆய்வில் நான்கு கேள்விகளைச் சேர்ப்பது, விபத்துப் பதிவில் ஒரு கட்டத்தைச் சேர்ப்பது என்று. ஆறாம் படியில் சொன்ன உதவி வழியைக் கட்டாமல் அந்த நான்கு கேள்விகளைக்கூடச் சேர்க்க வேண்டாம்.

புராஜெக்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். திட்டம் முடிந்த பிறகு தரவு யாரிடம் இருக்கும், அதிலிருந்து நீங்கள் கட்டுரை எழுதலாமா? அந்த இரண்டும் எழுத்தில் இல்லை என்றால், வேலையில் சேர்வதற்கு முன் கேட்டு மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.